திரும்பி வந்த மருந்து

தந்தையின் கருமக்கிரியை முடிந்த மறுவாரம், மகன் ஒருவர் அரசாங்க மருத்துவமனையின் மருந்தகத்திற்கு ஒரு பை நிறைய மருந்துகளைக் கொண்டு வந்தார். இரத்த அழுத்தம், நீரிழிவு, கொழுப்பு என ஒவ்வொன்றுக்கும் கட்டுக் கட்டாக மாத்திரை அட்டைகள். பலவற்றில் ஒரு மாத்திரைகூட எடுக்கப்படவில்லை. காலாவதியாக இன்னும் ஓராண்டு இருந்தது. பையின் அடியில் துணியில் சுற்றிய இரண்டு இன்சுலின் பேனாக்களும் கிடந்தன.

“அப்பாவுக்குத்தான் உதவவில்லை. வசதி இல்லாத யாருக்காவது கொடுங்கள்,” என்றார் அவர்.

முகப்பில் இருந்த மருந்தாளர் பையை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். “கொண்டு வந்ததற்கு நன்றி, ஐயா. ஆனால், இவற்றை வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. எரிப்பதற்குத்தான் அனுப்புவோம்.”

அவர் முகம் வாடிவிட்டது. அந்த வருத்தத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. மலேசிய அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட் செலுத்தினால் மருத்துவரையும் பார்க்கலாம், மருந்தும் பெறலாம். மீதிச் செலவு மக்களின் வரிப்பணம். அதை நெருப்பில் போடுவதை யார்தான் விரும்புவார்?

ஆயினும், மருந்தாளரால் காலாவதித் தேதியைத்தான் பார்க்க முடியும். மாத்திரை கடந்த மூன்று மாதங்கள் எங்கே இருந்தது என்பதைப் பார்க்க முடியாது. அடுப்புக்கு மேலுள்ள அலமாரியிலா, நண்பகல் வெயிலில் நின்ற காரிலா? வெப்பத்தில் வீரியம் குறைந்த மாத்திரையும் நல்ல மாத்திரையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் வைக்க வேண்டும். சில நாள் வெளியே கிடந்து மீண்டும் குளிர்பெட்டிக்குள் போயிருந்தால், அதை யார் அறிவார்?

சரி, சோதித்துப் பார்த்துக் கொடுக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் செலவு தொடங்குகிறது. ஒவ்வோர் அட்டையிலும் மருந்தின் பெயர், அளவு, தயாரிப்புத் தொகுதி எண், தேதி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்; எண்ண வேண்டும்; பதிய வேண்டும். நாளை அந்தத் தொகுதியில் குறை கண்டு நிறுவனம் மீட்டுக்கொண்டால், அது யாரிடம் போனது என்று சொல்லத் தெரிய வேண்டும். இத்தனையும் எதற்கு? ஒரு மாத்திரை சில சென் மட்டுமே பெறும் நீரிழிவு மருந்துக்கு! அதற்குள் முகப்பின் முன்னே வரிசை நீண்டுவிடும். இலவசமாக வந்த பொருள், புதிதாக வாங்குவதைவிட அதிக விலை உள்ளதாகிவிடுகிறது.

எல்லா மருந்துக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது. நெதர்லாந்தில் 4 மருத்துவமனைகள், விலை மிகுந்த புற்றுநோய் மாத்திரைகளை வைத்து ஓர் ஆய்வு நடத்தின. 1,000க்கும் அதிகமான நோயாளிகள் பங்கேற்றனர். மாத்திரைகளை முத்திரையிட்ட பையில், வெப்பநிலையைப் பதியும் சிறு கருவியுடன் கொடுத்தனுப்பினர். முத்திரை உடையாமல், வெப்பம் மீறாமல் திரும்பியவற்றை வேறு நோயாளிகளுக்கு வழங்கினர். பைக்கும் கருவிக்கும் ஆள்கூலிக்கும் ஆன செலவு போக, பணம் மிஞ்சியது. அங்கே மருந்தை நம்பலாமா என்ற கேள்விக்கு, அது மருந்தகத்தை விட்டு வெளியேறும் முன்பே விடை தேடிவிட்டார்கள். அப்பாவின் பையில் அப்படி எந்தக் கருவியும் இல்லை.

மருந்தாளர் பையை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டார்: “வீட்டில் வேறு யாராவது மருந்து சாப்பிடுகிறார்களா, ஐயா?”

“அம்மா.”

“அடுத்த முறை அவர் மருந்து வாங்க வரும்போது, வீட்டில் மீதம் இருப்பதையெல்லாம் எடுத்து வாருங்கள். எண்ணிப் பார்த்து, குறைவதை மட்டும் தருகிறேன். மீதியை அவரே சாப்பிடலாம்.”

வீட்டுக்குத் திரும்பியதும், குளிர்பெட்டியின் மேலிருந்த பழைய பிஸ்கட் டின்னை அவர் இறக்கினார். அதில் அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரைகள் ஐந்து அட்டைகள் இருந்தன. அதே மாத்திரைகளை அவர் அம்மாவுக்காகப் போன வாரம்தான் மீண்டும் வாங்கி வந்திருந்தார்.