ஆவுடையார்கோவில் கண்மாய்க்கு மண் எங்கிருந்து வருகிறது?

அறந்தாங்கியிலிருந்து சுமார் 14 கிலோமீட்டரில் இருக்கிறது ஆவுடையார்கோவில். கருங்கல்லை மரம்போல் இழைத்த கொடுங்கைகளைப் பார்க்க வருகிறவர்கள், தரிசனம் முடிந்ததும் பஸ் ஏறிவிடுகிறார்கள். கொஞ்சம் நேரம் இருந்தால், சுற்று வட்டாரக் கண்மாய்களையும் பார்த்துவிட்டு வரலாம். இங்கே நெல் விளைவது அவற்றை நம்பித்தான்.

கோடையில் கண்மாய் வற்றினால் அடியில் படிந்த வண்டல் தெரியும். மேட்டு நிலத்தில் மழைநீர் முதலில் ஒரு கீறல் போடும். அடுத்தடுத்த மழைகளில் கீறல் பள்ளமாகி, பள்ளம் ஓடையாகிவிடும். அறுபட்ட மண் வரத்து வாரி வழியே கண்மாய்க்கு வந்து சேரும். அது படிந்த அளவுக்குத் தண்ணீருக்கு இடம் குறையும்.

முன்னோர்களுக்கு இது தெரியும். புதுக்கோட்டை வட்டாரத்துப் பழைய குமிழித் தூம்புகளில் மேலே நீரோடித் துளை, அடியில் சேறோடித் துளை என இரண்டு வைத்தார்கள். பாசன நீரோடு சேறும் வெளியேறியது.

எந்த ஓடை எவ்வளவு மண்ணைத் தருகிறது என்பதை இன்று அளந்தே சொல்லலாம். நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் உயரத்தையும் பதிவு செய்வது டிஜிட்டல் உயர வரைபடம். இரண்டு ஆண்டுகளின் வரைபடங்களைக் கழித்துப் பார்த்தால், தரை எங்கே இறங்கியது, எங்கே ஏறியது என்பது தெரியும். ஒரு ஹெக்டேரில் 1 சென்டிமீட்டர் மண் போனால் 100 கனமீட்டர். லாரிக் கணக்கில் சுமார் 35 யூனிட்!

2000-ல் எண்டெவர் விண்கலமும், 2005-ல் ஏவப்பட்ட இஸ்ரோவின் கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோளும் இப்படிப்பட்ட வரைபடங்களைத் தந்தன. இலவசமாகக் கிடைப்பவற்றில் ஒரு கட்டம் சுமார் 30 மீட்டர். மூன்று மீட்டர் அகல ஓடை அதில் தெரியாது. அதற்கு ட்ரோன் வேண்டும். கண்மாயில் தண்ணீர் நின்றால் ட்ரோன் படத்திலும் தரை கிடைக்காது. சீமைக்கருவேலம் மூடியிருந்தால் மரத்தின் உச்சிதான் பதிவாகும். அதனால் கண்மாய் காய்ந்த கோடையே அளக்க ஏற்ற காலம்.

வண்டலை அள்ளி வயலில் போடுவது பழைய வழக்கம். 2017-ல் குடிமராமத்துத் திட்டம் வந்தபோதும் கண்மாய்கள் தூர்வாரப்பட்டன. ஆனால், மேலே ஓடை அறுத்துக்கொண்டே இருந்தால் அள்ளிய பள்ளம் மறுபடி தூர்ந்துவிடும். அதிக மண் தரும் ஓடையைக் கண்டுபிடித்து, அதன் தலைப்பில் கல் தடுப்பும், கரையில் வெட்டிவேரும் வைத்தால் மண் அங்கேயே நிற்கும். அதை ஐப்பசி மழைக்கு முன்பே செய்துவிட வேண்டும்.