கரி தின்ற பஸ்

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் பஸ் கரியில் ஓடியது என்றால் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். "தாத்தா ரயிலைச் சொல்றார்" என்கிறார்கள். ரயில் இல்லாமல் போனதால்தானே அந்தப் பாடு!

1928-ல் வந்த மதுரை–போடி பாதையின் தண்டவாளத்தை இரண்டாம் உலகப் போரின்போது பெயர்த்துக்கொண்டு போனார்கள். மறுபடி போட்டது 1950களில்தான். 1942-ல் பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த எண்ணெயும் நின்றது. பெட்ரோலுக்கு ரேஷன். அப்போதுதான் பஸ்களின் பின்னால் பெரிய இரும்பு டிரம் ஒன்று ஏறியது. மதுரையில் டி.வி.எஸ். நிறுவனமே இந்த 'கேஸ் பிளாண்ட்'டைத் தயாரித்தது.

டிரம்முக்குள் அடுப்புக்கரியைக் கொட்டிப் பற்ற வைத்து, காற்றை அளவாக விட வேண்டும். கரி முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு வாயு வரும். அதை வடிகட்டி, ஆறவைத்து இன்ஜினுக்கு அனுப்பினால் வண்டி நகரும். ஆனால் பெட்ரோலில் இருக்கும் இழுவை இதில் இருக்காது.

நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பெண் எடுத்த ஊர் என்பதால் அனுமந்தன்பட்டியில் தங்கிவிட்டேன். எங்கள் வாத்தியார் இதைக் 'கஸோழேன்' என்பார். ஜார்ஜ் இம்பேர் செய்த அடுப்பு விறகுத் துண்டிலேயே ஓடுமாம். போர்க்காலத்தில் ஐரோப்பா முழுக்க இப்படி லட்சக்கணக்கான வண்டிகள்.

வாத்தியார் சொல்லாததை எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் சொன்னார். பதினைந்து வயதில் கரி பஸ் கிளீனராகப் போனவர். விடியுமுன் எழுந்து, கை வலிக்க ஊதுகாற்றாடியைச் சுற்றிக் கங்கு பிடிக்க வைக்க வேண்டும். வழியில் நிறுத்திக் கம்பியால் குத்திச் சாம்பல் தள்ள வேண்டும். குமுளி மலையேற்றத்தில் ஆட்கள் இறங்கி நடப்பார்களாம். "ஏலக்காய் மூட்டை மட்டும் சொகுசா உக்காந்து வரும்" என்பார்.

அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, ஆளையே கொல்லும். டிரம்மைத் திறந்தபோது ஒருமுறை மயங்கிச் சாலையில் விழுந்திருக்கிறார். தண்ணீர் தெளித்து எழுப்பி, அன்றைய நடையை முடிக்க வைத்துத்தான் வீட்டுக்கு அனுப்பினார்களாம். இதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மகாராஜாக்களின் கார்களைத் துடைத்துக் கண்காட்சியில் வைக்கிறார்கள். கரி டிரம் ஒன்றை நான் எங்கும் கண்டதில்லை. அவர் காலமாகிப் பல வருடங்கள் ஆயிற்று. அந்த டிரம்மோடு நிற்கும் பஸ் படம் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் சொல்லுங்கள். பக்கத்தில் கரி அப்பிய ஒரு பையனும் நின்றால், கட்டாயம் சொல்லுங்கள்.