படவில்லையும் கடைசி வாங்கும்

எழுதப்படும் பொருள் யாதாயினும், அது எதன்மீது எழுதப்படுகின்றதோ அதன் இயல்புக்கு ஓரளவேனும் கட்டுப்பட்டே தீரும். கல்லில் வெட்டியவன் சொற்களைச் சுருக்கினான். ஓலையில் எழுதியவன், எழுத்தாணியின் குத்து ஏட்டைக் கிழித்துவிடுமென அஞ்சிப் புள்ளியிடாது எழுதினான். கரும்பலகையில் எழுதிய ஆசிரியர், கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைக்கும் தெரியுமாறு சில சொற்களைப் பெரிதாக எழுதி, எஞ்சியதை வாயால் விளக்கினார். இன்று விரிவுரை மண்டபங்களிலும் பாடசாலைகளிலும் அலுவலகக் கூட்டங்களிலும் இவற்றின் இடத்தைப் படவில்லை பிடித்துக்கொண்டுள்ளது.

படவில்லைகளை ஆக்கும் மென்பொருள்களுள் பெருவழக்குப் பெற்ற பவர்பொயின்ற், 1987 ஆம் ஆண்டில் மெக்கின்டொஷ் கணினிக்கென வெளிவந்து, அதே ஆண்டில் மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் உடைமையாயிற்று. ஒளிபுகு தாள்களில் அச்சிட்டு விளக்கொளியால் திரையில் வீழ்த்திய காலத்துக்கென அது முதலில் அமைக்கப்பட்டது. கல்லும் ஓலையும் கரும்பலகையும் எழுதுவோனுக்குத் தாமாகவே ஒரு வரம்பை விதித்தன. படவில்லையோ வரம்பு எதனையும் விதிப்பதாகத் தோன்றுவதில்லை. எத்தனை சொற்களை இட்டாலும் எழுத்தைச் சிறுப்பித்து ஏற்றுக்கொள்கின்றது. எனவே அவ்வரம்பை எழுதுவோரே தமக்கு விதித்துக்கொள்ள வேண்டியுள்ளது. தமிழில் எழுதுவோருக்கு இக்கடமை இருமடங்காகின்றது என்பதை ஒட்டுசுட்டானைச் சார்ந்த ஓர் அனுபவம் உணர்த்துகின்றது.

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு செல்லும் வீதியில், தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தால் பெயர்பெற்ற ஊர் ஒட்டுசுட்டான். அறுவடைக்குப் பின் நின்ற ஒட்டைச் சுட்டபோது சிவலிங்கம் வெளிப்பட்டமையால் ஊருக்கு இப்பெயர் வந்தது என்பது அங்குள்ளோர் வழங்கும் கதை. அவ்வூரிலிருந்து பல்கலைக்கழகம் புகுந்து வரலாற்றைச் சிறப்புப் பாடமாகப் பயின்ற மாணவி ஒருத்தி, தன் ஊர்ப்புறத்தின் வரலாறு பற்றி வகுப்பில் முன்வைப்பு ஒன்றை நிகழ்த்த வேண்டியிருந்தது. இருபத்திரண்டு படவில்லைகளைத் தமிழிலே ஆக்கிக்கொண்டு அவள் சென்றாள். மண்டபத்திலிருந்த கணினியில் முதற் படவில்லை திறக்கப்பட்டபோது, தலைப்பில் இருக்கவேண்டிய ஊர்ப்பெயரைக் காணவில்லை. அவ்விடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த பதினொரு குறிகள் நின்றன. அவற்றுள் மூன்று அரைப்புள்ளிகள். வகுப்பில் மெல்லிய சிரிப்பொலி எழுந்தது. அடுத்த முறை ஆங்கிலத்திலேயே செய்துவிடுவது வசதியென்று நண்பர் ஒருவர் நல்லெண்ணத்துடன் ஆலோசனை கூறினார்.

அந்த ஆலோசனை சிறியதாகத் தோன்றினும் அதன் விளைவு சிறியதன்று. தமிழில் சிந்தித்து, தமிழில் எழுதி, தமிழ்மூலம் பட்டம் பெறப்போகும் ஒருவர், கருவியின் கோளாறு ஒன்றினால் தன் மொழியைத் திரையிலிருந்து விலக்கிக்கொள்ள நேருமாயின், இழப்பு ஒரு வகுப்புடன் நின்றுவிடாது. அவள் அந்த ஆலோசனையை ஏற்கவில்லை. ஊர்ப்பெயர் ஏன் குறிகளாயிற்று என்பதை முதலில் அறிந்துகொள்ள முற்பட்டாள்.

காரணம் எழுத்துருவில் இருந்தது. இலங்கையில் நெடுங்காலமாக வழக்கிலிருக்கும் பாமினி எழுத்துருவில் அவள் எழுதியிருந்தாள். பாமினியில் எழுதும்போது கணினியின் நினைவில் சேர்வது தமிழ் எழுத்தன்று; ஆங்கில எழுத்தே சேர்கின்றது. அவ்வாங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவத்தை முகமூடியாக அணிவிப்பதே எழுத்துருவின் பணி. முகமூடி இல்லாத கணினியில் உள்ளிருக்கும் முகம் தெரிந்துவிடுகின்றது. மெய்யின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசை ஒதுக்கப்பட்டிருந்தமையால், ஒட்டுசுட்டானில் உள்ள மூன்று மெய்களும் மூன்று அரைப்புள்ளிகளாயின. ஓலையில் எழுதியவன் விட்டுவிட்ட புள்ளி, திரையில் இவ்வாறு உருமாறி நின்றது.

இதனாற் பாமினியை இகழ்தல் தகாது. அதன் விசை ஒழுங்கு தமிழ்த் தட்டச்சுப் பொறியின் ஒழுங்கைத் தழுவியது. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886 ஆம் ஆண்டு பிறந்து மலாயாவுக்குச் சென்ற முத்தையா என்பார் தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியோருள் முதன்மையானவராகப் போற்றப்படுகின்றார். அத்தகைய பொறிகளில் பழகிய விரல்கள் புதிதாக எதையும் கற்காமல் கணினிக்கு மாறுவதற்குப் பாமினி வழிசெய்தது. எனினும், ஆங்கிலத்தை அடியாகக்கொண்ட அவ்வழியில் ஆங்கிலத்தின் விதிகளும் உடன்வந்தன. வாக்கியத்தின் முதலெழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கும் வழக்கம் இம்மென்பொருளுக்கு உண்டு. பாமினியில் சிறிய எழுத்துத் தகரமாகவும், அதன் பெரிய எழுத்துத் துகரமாகவும் அமைந்துள்ளன. ஆதலால் ‘தமிழ்’ என்று தொடங்கிய வரி ‘துமிழ்’ என்று மாறிநிற்பதைப் பலர் கண்டிருப்பர். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே இல்லை என்பதைக் கருவி அறியவில்லை.

ஒருங்குறி முறையில் நிலைமை வேறு. 1991 ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்குத் தனியிடம் ஒதுக்கப்பட்டது. 2000 ஆம் ஆண்டின் வின்டோஸ் பதிப்புடன் லதா என்னும் தமிழ் எழுத்துருவும் சேர்ந்து வந்தது. ஒருங்குறியில் ‘ஒட்டுசுட்டான்’ என்னும் பெயரின் ஏழு எழுத்துகளும் பதின்மூன்று குறியீடுகளாகச் சேமிக்கப்படுகின்றன. உயிரெழுத்தாகிய ஒகரத்துக்கு ஒன்று. ஏனைய ஆறு எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் இவ்விரண்டு. அவற்றைக் கணினி தமிழென்றே அறிந்திருப்பதால், ஓர் எழுத்துரு இல்லாவிடினும் வேறொரு தமிழ் எழுத்துருவைக்கொண்டு காட்டிவிடும். வடிவம் மாறலாம், சொல் மாறாது. இருபத்திரண்டு படவில்லைகளையும் அவள் ஒருங்குறியில் மீண்டும் எழுதினாள்.

இவ்வேறுபாடு வன்னி மக்களுக்கு வெறுந் தொழினுட்பச் செய்தி அன்று. 2009 ஆம் ஆண்டில் முடிவுற்ற போரின் இறுதிக் கட்டத்தில் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தோர், உறுதிகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் பாடசாலைப் பதிவுகளையும் இழந்தனர். தாள் அழிந்தால் எழுத்தும் அழியும் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிவர். தாள் அழியாமலே எழுத்து அழியக்கூடும் என்பதைக் கணினி புதிதாகக் கற்பிக்கின்றது. ஓர் ஊரைப் பற்றி இன்று எழுதப்படும் படவில்லை, பத்தாண்டுகளின் பின் அவ்வூர்ப் பாடசாலைக் கணினியில் திறக்கப்படும்போது வாசிக்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும்.

எழுத்து நிலைத்தால் மட்டும் போதாது, கண்ணுக்கும் எட்டவேண்டும். விடுமுறைக்கு ஊர் சென்ற அம்மாணவி, உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்காக அதே முன்வைப்பைச் சனசமூக நிலையமொன்றில் நிகழ்த்தினாள். புரொஜெக்டர் இரவலாகக் கிடைத்தது. வெள்ளை வேட்டி ஒன்று திரையாயிற்று. அரைச்சுவருக்கு மேலாகப் பிற்பகல் வெளிச்சம் தாராளமாக உள்ளே வந்தது. கடைசி வாங்கில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் சிறிது நேரம் கண்களைச் சுருக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பிள்ளை, எழுத்து ஒண்டும் விளங்கேல்லை. அதை விட்டுப்போட்டு நீ வாயாலை சொல்லு, கேப்பம்.”

“கொஞ்சம் பொறுங்கோ அப்பு, பெருப்பிச்சு விடுறன்” என்றாள் அவள். பெருப்பித்தபோது வரிகள் பெட்டியைக் கடந்து வழிந்தன. பெட்டிக்குள் அடக்கியபோது எழுத்து மீண்டும் சிறுத்தது.

இங்கே ஒரு சிறு கணக்கு உதவும். அகலத்திரைப் படவில்லையின் உயரம் 540 புள்ளி அளவு. 18 புள்ளி எழுத்தில் அமைந்த ஒரு வரி அவ்வுயரத்தில் முப்பதில் ஒரு பங்கு. நான்கு அடி உயரமுள்ள திரையில் அது ஏறத்தாழ ஒன்றரை அங்குலம். புள்ளிக்கும், கீழிறங்கும் உகரக் கொம்புக்கும் இடம் விட்டால் எழுத்தின் உடலுக்கு எஞ்சுவது அதிலும் குறைவே. 36 புள்ளி எழுத்தாயின் அவ்வளவு மூன்று அங்குலத்தைத் தாண்டும். வேற்றுமை உருபுகளையும் சாரியைகளையும் தன்னுள் ஏற்று நீளும் தமிழ்ச்சொல், ஆங்கிலச்சொல்லிலும் கூடிய இடத்தைக் கொள்வது பெரும்பான்மை. ஆங்கிலத்துக்கு ஏற்ற அளவில் வகுக்கப்பட்ட பெட்டியில் தமிழை நிரப்பும்போது மென்பொருள் தானாகவே எழுத்தைக் குறைக்கின்றது. அவ்வாறு எழுத்துக் குறைவதை, சொற்கள் மிகுந்துவிட்டன என்னும் எச்சரிக்கையாகக் கொள்வதே முறை.

அழகுபடுத்தும் வழிகளிலும் இதே கவனம் வேண்டும். தடித்த எழுத்து ஆங்கிலத்தில் அழுத்தம் தரும். தமிழிலோ ணகரம், ஞகரம், இகரம் ஆகியவற்றின் சுழிகளை அடைத்துவிடுவதும் உண்டு. அடிக்கோடு உகர ஊகாரங்களின் காலை வெட்டிச் செல்கின்றது. வரிகளுக்கிடையே இடைவெளி குறைந்தால், மேல்வரியின் கீழ்க்குறியும் கீழ்வரியின் புள்ளியும் முட்டிக்கொள்கின்றன. ஆகவே தலைப்புக்குச் சற்றுப் பெரிய எழுத்து, ஒரு சொல்லை உணர்த்த ஒரே நிறம், பின்னணிக்கும் எழுத்துக்கும் தெளிவான வேறுபாடு என்பன போதும். இவற்றைப் படவில்லைதோறும் தனித்தனியே செய்யாமல், எல்லாவற்றுக்கும் மூலமாக அமையும் முதன்மைப் படவில்லையில் ஒருமுறை வகுத்துவிட்டால் ஒழுங்கு தானே அமையும். தலைப்பைத் தனிப்பெட்டி வரைந்து எழுதாது, தலைப்புக்கென உள்ள பெட்டியிலேயே எழுதுதல் நன்று. அப்போது பார்வைப்புலன் இழந்தோர் பயன்படுத்தும் வாசிப்பு மென்பொருளும் அதனைத் தலைப்பென அறிந்துகொள்ளும்.

இவை யாவும் புறத்தோற்றம் பற்றியன. எதை எழுதுவது, எதை விடுவது என்பதே ஆழமான பிரச்சினை. அதற்குத் தகுந்த சான்று அம்மாணவி எடுத்துக்கொண்ட பொருளிலேயே இருந்தது. ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் நாட்டிய நினைவுக்கல், 1803 ஒக்டோபர் 31 ஆம் திகதி கப்டன் வொன் டிறிபேர்க் என்பான் பண்டாரவன்னியனைத் தோற்கடித்த செய்தியை ஒருசில ஆங்கிலச் சொற்களிற் கூறியது. வென்றவன் பெயர், தோற்றவன் பெயர், நாள், இடம் என்பவற்றுக்கு மேல் அதில் எதுவும் இல்லை. சுருக்கத்துக்கு அதனினும் நல்ல முன்மாதிரி அரிது. ஆயின், அதே ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றியதை அக்கல் கூறவில்லை. சுருக்கியவன் வென்றவன், எது எஞ்சவேண்டும் என்பதை அவனே முடிவுசெய்தான்.

படவில்லையிலும் இதுவே நிகழ்கின்றது. ‘பண்டாரவன்னியன் தோல்வி – 1803’ என்று புள்ளிக்குறியிட்டு எழுதினால் வரி சிறிது. கடைசி வாங்குக்கும் தெரியும். ஆனால் யார் கூற்று அது, எந்தச் சான்றின்வழி அறியப்பட்டது என்பன மறைந்துவிடுகின்றன. தமிழ் வாக்கியத்தில் செய்தவன் யார், செயல் முடிந்ததா, கூறுவோன் நேரிற் கண்டானா கேட்டறிந்தானா என்பவற்றை இறுதியில் நிற்கும் வினை தாங்குகின்றது. புள்ளிக்குறி முதலில் வெட்டியெறிவது அவ்வினையையே. ‘தோற்கடிக்கப்பட்டான் என ஆங்கிலேயரின் கல் கூறிற்று’ என்னும் வரி சற்று நீளமாயினும் வரலாற்று மாணவருக்கு உரிய வரி அதுவே.

உலக அரங்கிலும் இத்தகைய சுருக்கம் பெருங்கேட்டுடன் தொடர்புபட்டுப் பேசப்பட்டதுண்டு. 2003 பெப்ரவரி முதலாந் திகதி கொலம்பியா விண்வெளி ஓடம் சிதைந்து எழுவர் உயிரிழந்தனர். அதனை ஆராய்ந்த குழு, ஓடத்தின் சேதம் பற்றிப் பொறியியலாளர் முன்வைத்த படவில்லையொன்றைச் சுட்டிக்காட்டியது. கவலைக்குரிய செய்தி அதன் அடிவரிகளில் சிறிய எழுத்தில் ஒடுங்கிக்கிடந்தது. தலைப்போ மனத்துக்கு ஆறுதலளித்தது. தகவல் வடிவமைப்புப் பற்றி எழுதிவரும் எட்வேட் ரவ்றி அப்படவில்லையை வரிவரியாக ஆராய்ந்து, படிநிலைகளாகப் பிளக்கப்பட்ட துண்டுத் தொடர்கள் சிந்தனையையும் பிளந்துவிடுகின்றன என வாதிட்டார். எழுத்தின் அளவு பொருளின் முக்கியத்துவத்துடன் முரண்பட்டால், படிப்போர் அளவையே நம்புவர்.

வன்னியில் இதற்கு விண்வெளி ஓடம் தேவையில்லை. முத்தையன்கட்டுக் குளத்தின்கீழ்ப் பயிர்செய்வோர் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டமொன்றை எண்ணிப் பார்க்கலாம். எத்தனை ஏக்கருக்கு நீர், விதைப்புக்குக் கடைசி நாள் எது என்பன பத்து நிரல் கொண்ட அட்டவணையின் மூலையில் 12 புள்ளி எழுத்தில் காட்டப்படுமாயின், கூட்டத்துக்கு வந்தும் அறியாது திரும்பும் விவசாயி எத்தனை பேர்? அந்த ஒரு திகதியைத் தனிப் படவில்லையில் பெரிதாக எழுதுவதற்கு ஆகும் நேரம் ஒரு நிமிடம். எழுதாது விட்டால் போகக்கூடியது ஒரு போகம்.

அம்மாணவியின் இருபத்திரண்டு படவில்லைகள் ஈற்றில் ஒன்பதாயின. நீக்கப்பட்ட பந்திகளை அவள் தாளில் அச்சிட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தாள். திரையில் ஊர்ப்பெயரும் ஆண்டும் படமும் சில முழு வாக்கியங்களும் மட்டும் நின்றன. ஏனையவற்றை வாயாலே சொன்னாள்.

தமிழைத் திரையேற்றும் பணியில் கருவியைக் குறைகூறுவது எளிது. கருவியின் முன்னேற்பாடுகளை அப்படியே ஏற்பது அதனினும் எளிது. இரண்டிலும் எழுதுவோரின் பொறுப்பு நழுவிவிடுகின்றது. நாளை வேறொரு மென்பொருள் வரலாம். படவில்லையின் பெயரும் மாறலாம். கடைசி வாங்கில் ஒருவர் எப்போதும் அமர்ந்திருப்பார். கண் மங்கியவராகவோ, பிந்தி வந்தவராகவோ, முன்னே வரக் கூச்சப்படுபவராகவோ அவர் இருக்கலாம். அவருக்கு எட்டும்படி எழுதப்பட்ட எழுத்து முன்வாங்கில் இருப்போர்க்கும் எட்டும். பல்கலைக்கழகத்தில் பெற்ற அறிவை ஊருக்குக் கொண்டுசெல்ல விழையும் மாணவர், படவில்லையில் முதற் சொல்லை இடுமுன் மண்டபத்தின் பின்புறம் வரை ஒருமுறை நடந்து பார்த்துவருதல் நன்று.