டப்பாவில் நாலு இட்லி

நம் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்குப் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். எழுபது வயதுக்கு மேல் பேரன் பேத்தியைப் பார்க்க விமானம் ஏறுகிறோம். விசா, புது வேட்டி, முறுக்கு எல்லாம் ஒரு மாதம் முன்பே தயாராகிவிடும். ஏறுவதற்கு முன் என்ன சாப்பிடுவது என்பதை மட்டும் யாரும் யோசிப்பதில்லை.

திருச்சியில் காலை 9 மணிக்கு விமானம் என்றால் 6 மணிக்கே அங்கே இருக்க வேண்டும். அறந்தாங்கிக்காரர் நாலு மணிக்குள் கார் ஏறியாக வேண்டும். வழியில் கீரனூரில் ஒரு டீ, அவ்வளவுதான். பெட்டியைப் போட்டு, சோதனைகள் முடிந்து உட்கார ஏழரை ஆகிவிடும். மலிவு டிக்கெட் என்றால் விமானத்தில் சாப்பாட்டுக்குத் தனிக்காசு. நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் ‘தெஜெனே’ என்ற சொல்லுக்கு வேர்ப்பொருள் நோன்பை முறிப்பது. காலை விமானம் பிடிக்கிறவனுக்குத்தான் அது நன்றாகப் புரியும்.

என் மனைவியின் அண்ணன் இன்சுலின் போடுகிறவர். ஒரு பயணத்தில், உள்ளே போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று வீட்டிலேயே ஊசியைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். பெட்டி போடும் வரிசை நகரவே இல்லை. திடீரென்று மச்சானுக்குக் குப்பென்று வியர்த்தது, கை நடுங்கியது, என்னை வேறு யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பின்னால் நின்ற பையன் தன் பழச்சாற்றைக் கொடுத்தான். கால் மணி நேரம் கழித்துத்தான் மனிதர் நிதானத்துக்கு வந்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே சட்டம்: சாப்பாடு கண்ணெதிரே இருந்தால்தான் ஊசி. மாத்திரை வேளையை டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்கிறோம். சட்டைப் பையில் குளுக்கோஸ். இன்சுலின் மருந்துச்சீட்டோடு கைப்பையில்தான். பெரிய பெட்டியில் போட்டால் சரக்கறைக் குளிரில் உறைந்து கெட்டுப்போகலாம்.

சாப்பாடு வீட்டு இட்லிதான். நன்றாக ஆறவைத்து, பொடியும் நல்லெண்ணெயும் தடவி, வாழையிலையில் மடித்து டப்பாவில் வைத்தால் மதியம்வரை தாங்கும். கூடவே தேங்காய் போடாத கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு கைப்பிடி. பசி தாங்கும், சர்க்கரையும் சட்டென்று ஏறாது. கெட்டியான பலகாரத்தைச் சோதனையில் தடுப்பதில்லை. சாம்பார், தயிர், சட்னி எல்லாம் திரவக் கணக்கு. வெளிநாட்டு விமானத்தில் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள்.

இப்போது மலிவுக் கடையும் வந்திருக்கிறது. 2025 பிப்ரவரியில் சென்னை விமான நிலையத்தில் ‘உடான் யாத்ரி கஃபே’ திறந்தார்கள். டீ 10 ரூபாய், சமோசா 20 ரூபாய். பையனுக்குச் சரி. சர்க்கரைக்காரன் சமோசாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கடையில்தான் வாங்க வேண்டுமென்றால் இட்லி, அவித்த முட்டை, உப்பில்லாத கடலை, கொய்யா என்று தேடுங்கள். மைதா பக்கம் போக வேண்டாம்.

தண்ணீருக்குக் காலி பாட்டில் போதும். சோதனை முடிந்ததும் உள்ளே குழாயில் பிடித்துக்கொள்ளலாம். எழுந்து போக வேண்டுமே என்று பயந்து தண்ணீரே குடிக்காமல் ஏறுகிறவர்கள் நம்மில் அதிகம். டிக்கெட் போடும்போதே நடைபாதை ஓரத்து இருக்கையாகக் கேட்டுவிடுங்கள்.