பாலைவனம்னு நினைச்சு போனா, தண்ணீர்த் தொட்டி! தூத்துக்குடி டு தேரிக்காடு: ஒரு சோலோ ரைடு

'தேரி' என்று ஆங்கில எழுத்தில் மொபைலில் தேடினால், முதலில் வந்து நிற்பது விஜய் படம். தளபதியைத் தாண்டி மேப்புக்குப் போய், திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவில் சாட்டிலைட் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். பச்சைத் தோட்டங்களுக்கு நடுவே செங்கல் நிறத்தில் பெரிய திட்டு ஒன்று தெரியும். அதுதான் குதிரைமொழித் தேரி. சுமார் 12,000 ஏக்கர் பரப்புக்குச் செம்மணல் மேடுகள்.

தேரி என்றால் மணல்மேடு. தூத்துக்குடியிலிருந்து பைக்கில் தனியாகக் கிளம்பினாலும் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஒட்டகம் கிடையாது, கூடாரம் கிடையாது, டிக்கெட் கவுன்டரும் கிடையாது. 'ஜெய்சல்மேர் போக பட்ஜெட் இல்லையா?' என்று ஆரம்பிக்கும் ரீல்ஸைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு முதல் பத்து நிமிடம் அது ஏமாற்றமாகக்கூட இருக்கலாம்.

ஆனால், போகிற வழியே பாதி டூர். துறைமுகத்தை இடது பக்கம் விட்டுவிட்டுத் தெற்கே திரும்பினால் முத்தையாபுரம், முள்ளக்காடு. அதற்குப் பிறகு உப்பளங்கள். காலை வெயிலில் உப்புக் குவியல்கள் கண்ணைக் கூச வைக்கும். கூலிங் கிளாஸ் இல்லாமல் வரக் கூடாத ரோடு இது. அடுத்து பழையகாயல். 13-ம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ குறிப்பிட்ட காயல் துறைமுகம் இந்தப் பக்கம்தான். முத்தும் குதிரையும் கைமாறிய கரை. அந்தக் கடலில் அரசு நடத்திவந்த முத்துக்குளிப்பு 1960-களின் தொடக்கத்தோடு நின்றுபோனது. இப்போது பழையகாயலில் இருப்பது அணு உலைகளுக்கான ஜிர்கோனியம் தயாரிக்கும் மத்திய அரசு ஆலை.

முக்காணியில் தாமிரபரணிப் பாலம். பொதிகை மலையில் பிறந்த ஆறு கடலைத் தொடப்போகிற இடம் என்பதால், சில நிமிடங்கள் வண்டியை ஓரம்கட்டலாம். அடுத்த ஊர் ஆத்தூர். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய வெற்றிலை இந்த ஊருடையதுதான். பிறகு ஆறுமுகநேரி, காயல்பட்டினம், திருச்செந்தூர். அதுவரை சுமார் 40 கிலோமீட்டர். முருகனைக் கும்பிட்டுவிட்டு, சாத்தான்குளம் சாலையில் திரும்பினால் காயாமொழி. 'தினத்தந்தி'யைத் தொடங்கிய சி.பா.ஆதித்தனார் பிறந்த ஊர். அங்கிருந்து கொஞ்ச தூரம்தான் தேரிக்குடியிருப்பு.

சாலையோரத்து மண் நிறம் மாறுவதே முதல் அறிகுறி. வெள்ளை மஞ்சளாகி, மஞ்சள் காவியாகி, காவி சிவப்பாகும். திடீரென்று இருபக்கமும் மேடுகள். நடுவே பனை, குடை விரித்ததுபோல உடைமரங்கள், முந்திரி. காலையிலும் மாலையிலும் சாய்வெயில் படும்போது மணல் குங்கும நிறத்தில் நிற்கும். சினிமாக்காரர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு இங்கே ஓடிவருவது ஏன் என்று அப்போது புரியும்.

ஏன் இவ்வளவு சிவப்பு? ஒவ்வொரு மணல் துகளின் மேலும் இரும்பு ஆக்ஸைடு மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது. ஒருவகையில் துரு என்றே சொல்லலாம். மணல் எங்கிருந்து வந்தது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் முழு உடன்பாடு இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துச் செம்மண்ணைத் தென்மேற்குப் பருவக்காற்று கிழக்கே அடித்துவந்து கொட்டியது என்பது ஒரு விளக்கம். கடல் உள்வாங்கியிருந்த காலத்தில் வெளியே கிடந்த கடற்கரை மணல் மேடாகி, பிறகு சிவந்தது என்பது இன்னொன்று. எப்படி இருந்தாலும், இந்த மேடுகளின் வயது ஆயிரக்கணக்கான ஆண்டுகள்.

மனிதர்களும் இங்கே புதியவர்கள் இல்லை. 19-ம் நூற்றாண்டில் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் தேரிகளில் நுண்கற்கருவிகளைக் கண்டார். சாயர்புரம் உள்ளிட்ட தேரிகளில் கிடைத்த கருவிகளைப் பற்றி சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் 1956-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். நகத்தின் அளவுக்குப் பளிங்குக்கல்லில் செதுக்கிய அம்பு முனைகள், சுரண்டிகள். வேட்டையாடியும் மீன் பிடித்தும் வாழ்ந்தவர்களின் கைவேலை. மணலில் அப்படி ஏதாவது மின்னினால் போட்டோவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பாக்கெட்டில் போடக் கூடாது.

சரி, இது நிஜமாகவே பாலைவனமா? இல்லை. ஜெய்சல்மேரில் ஆண்டுக்குச் சுமார் 200 மில்லிமீட்டர் மழை. தூத்துக்குடி மாவட்டத்தில் 600-க்கு மேல். அதுவும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் பெய்தது சுமார் 95 சென்டிமீட்டர்! மாவட்டத்துக்கு ஓராண்டில் பெய்கிற மழையைவிட அதிகம். தாமிரபரணிக் கரை ஊர்கள் எல்லாம் மிதந்த நாள்கள் அவை.

தேரியின் சங்கதியே இங்குதான் இருக்கிறது. மணல்மேட்டில் விழும் மழை ஓடுவதில்லை. அப்படியே உள்ளே இறங்கிவிடும். மேலே கால் சுடும், அடியில் ஈரம் நிற்கும். அந்தத் தண்ணீர் மெல்லக் கசிந்து மேட்டின் காலடியில் சுனையாக, கிணற்று ஊற்றாக வெளிவரும். தேரியைச் சுற்றியுள்ள தாழ்ந்த நிலங்களில் மழைக்காலத்தில் நிறையும் நீர்நிலைகளைத் 'தருவை' என்பார்கள். சாத்தான்குளம் பக்கம் வைரவம் தருவை, புத்தன்தருவை என்று ஊர்ப் பெயர்களிலேயே அது இருக்கிறது. மேலப்புதுக்குடியில் தேரிக்கு நடுவே இருக்கும் சாமிக்குப் பெயரே அருஞ்சுனை காத்த அய்யனார். சுற்றுவட்டார வாழையும் முருங்கையும் இந்த ஈரத்தை நம்பியவை. உடன்குடிக் கருப்பட்டிக்குப் பதநீர் தரும் பனைகளும் அப்படித்தான்.

சிவப்பாக, காலியாகக் கிடக்கிற நிலத்தைப் பார்த்தால் வெளியூர்க்காரர்களுக்குத் 'தரிசு' என்றுதான் தோன்றும். 2007-ல் அந்தத் தோற்றமே பெரிய பிரச்னையாக வெடித்தது. தேரி மணலில் இல்மனைட் இருக்கிறது. அதிலிருந்து எடுப்பதுதான் பெயின்ட்டை வெள்ளையாக்கும் டைட்டானியம் டை ஆக்ஸைடு. சாத்தான்குளம் வட்டாரத்தில் ஆலை அமைக்க டாடா ஸ்டீல் நிறுவனம் அந்த ஆண்டு ஜூனில் தமிழக அரசுடன் ஒப்பந்தம் போட்டது. சுமார் 2,500 கோடி ரூபாய்த் திட்டம். ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் வேண்டியிருந்தது. 'வேலை வரும், வறண்ட பகுதிக்கு விடிவு வரும்' என்றார்கள் ஒரு பக்கம். 'மணலைத் தோண்டினால் எங்கள் கிணறு என்ன ஆகும்?' என்று கேட்டார்கள் இன்னொரு பக்கம். வேலைக்காக மும்பைக்கும் சென்னைக்கும் பிள்ளைகளை அனுப்பிய வட்டாரம் இது என்பதால், முதல் குரலையும் லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால், எதிர்ப்பு வலுத்தது, திட்டத்தை அரசு நிறுத்திவைத்தது, அது நடக்கவேயில்லை. இல்மனைட் இன்னும் மணலில்தான் இருக்கிறது. அதனால், அந்தக் கேள்விக்கும் வயதாகவில்லை.

இதே கேள்வியை அமெரிக்காவில் வேறு மாதிரி முடித்தார்கள். கொலராடோ மாநிலத்தின் மணல்மேடுகளுக்குப் பக்கத்தில் நிலத்தடி நீரை எடுத்துத் தொலைதூர நகரங்களுக்கு விற்க ஒரு நிறுவனம் திட்டம் போட்டது. மேடுகள் நிலைத்து நிற்பதே அடியில் இருக்கும் தண்ணீரால்தான் என்று விவசாயிகளும் ஆய்வாளர்களும் வாதாடினார்கள். 2000-ல் தனிச் சட்டம் வந்தது. 2004-ல் அந்த இடம் தேசியப் பூங்கா ஆனது. நம் பக்கத்திலேயே, விசாகப்பட்டினம் அருகிலுள்ள பீமிலி செம்மணல் மேடுகள் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் புவிப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கின்றன.

குதிரைமொழித் தேரியில் பெரும் பகுதி வனத்துறையின் காப்புக்காடு. சாலை, கோயில் பாதை தாண்டி உள்ளே போக அனுமதி வேண்டும். அனுமதி ஒருபுறம் இருக்கட்டும், தனியாக வருபவர் உள்ளே நடக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம். எல்லா மேடும் ஒரே மாதிரி இருக்கும். ஆனி, ஆடிக் காற்றில் காலடித் தடம் சில நிமிடங்களில் அழிந்துவிடும். மொபைல் டவரை நம்பக் கூடாது. பைக்கை மணலில் இறக்கினால், வெளியே தள்ளுவதற்கு நான்கு பேர் வேண்டும். தனியாக வந்தவருக்கு அந்த நான்கு பேர் எங்கே? காலை ஒன்பது மணிக்குள், அல்லது மாலை நான்கு மணிக்குப் பிறகு, இரண்டு லிட்டர் தண்ணீர், மூடிய செருப்பு. குப்பை திரும்பவும் பையில்.

வழி கேட்க, நிழலில் உட்கார, கற்குவேல் அய்யனார் கோயில் இருக்கிறது. தேரி உருவானதற்கு ஊரில் ஒரு கதை சொல்வார்கள். ராஜாவின் மாமரத்துக் கனி ஒன்று, தண்ணீர் எடுத்துப்போன பெண்ணின் குடத்தில் விழுந்ததாம். விசாரிக்காமலே அவளைத் திருடி என்று மன்னன் தண்டித்தான். அவள் சாபத்தில் பெய்த மண்மாரிதான் இந்தச் செம்மணல். கதையிலும் முதலில் வருவது தண்ணீர்க் குடம்தான்.

கார்த்திகை முடியும் நேரத்தில், டிசம்பர் நடுவில் இந்தக் கோயிலில் 'கள்ளர் வெட்டு' திருவிழா. வெளியூரில் பிழைக்கப் போனவர்களெல்லாம் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். தேரி மணலில் வைத்து இளநீரை வெட்டுவார்கள். தண்ணீர் சிந்திய இடத்து மணலை அள்ள ஒரே தள்ளுமுள்ளு. கிடைத்த பிடிமண்ணைத் துணியில் முடிந்து கொண்டுபோய் வீட்டிலும், கடைக் கல்லாவிலும், வயலிலும் போட்டுவைப்பார்கள்.