கையெழுத்திடுமுன்

பங்கு இல்லத் திண்ணையில் அந்தத் தகரப் பெட்டி திறக்கப்பட்டபோது, உள்ளிருப்பவை தையற்காரரின் கருவிகளா தச்சரின் கருவிகளா என்று எனக்கு விளங்கவில்லை. முனை மழுக்கிய மெல்லிய நீண்ட தகடு ஒன்று, சிவப்பு நாடா கட்டிய கம்பி ஊசிகள் சில, ஈயக் குருணை நிரப்பித் தைத்த நீளமான துணிப்பைகள், தேன்மெழுகுக் கட்டி, தையல் பிரிக்கும் சிறு கொக்கி, சுருள்வில் தராசு. மூடியின் உட்புறத்தில் அத்தனைக்கும் எண்ணிக்கையோடு ஒரு பட்டியல் ஒட்டப்பட்டிருந்தது.

பெட்டிக்கு உரியவர் விமானப் படையின் வான்குடைப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்று, ராமேசுவரம் தீவிலுள்ள தம் ஊருக்குத் திரும்பிய பெரியவர். ஆக்ராவில் படைவீரர் வானிலிருந்து குதிக்கப் பயிலும் பள்ளியில் நெடுங்காலம் பாராசூட் மடித்தவர். படையின் கருவிகளைப் படையிலேயே ஒப்படைத்துவிட்டார். இவை ஊருக்கு வந்தபின் பழக்கத்தை விடமுடியாமல் தாமே செய்துகொண்டவை. "நான் மடிச்சுக் கொடுத்தவன் சாமி. குதிச்சவங்க முகம்கூடப் பாதிப் பேருக்கு எனக்குத் தெரியாது" என்பார்.

மடிக்கும் முறையை அவர் விளக்கியபோது நான் மாணவனானேன். வழவழப்பான நீண்ட மேசை. அதன் ஒரு முனையில் வான்குடையின் உச்சியை மாட்டி, மறுமுனையில் கயிறுகளை இழுத்துக் கட்டுவார்கள். கயிறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாதபடி சீப்பின் பற்களைப் போன்ற கட்டையில் வரிசைப்படுத்துவார்கள். துணியை மடிப்பு மடிப்பாக அடுக்கும்போது, அடுக்கியது நழுவாதிருக்க ஈயப் பைகளை மேலே கிடத்துவார்கள். உறைக்குள் திணிக்கையில் விரல் நகம் பட்டாலும் இழை எழும்பும். அதற்காகத்தான் அந்த மழுங்கிய தகடு. உறையை மூடும்வரை தற்காலிகமாகப் பூட்டி வைப்பவை கம்பி ஊசிகள். அவற்றை எடுக்க மறந்தால் வான்குடை திறவாது. சிவப்பு நாடா அந்த மறதிக்கு எதிரான எச்சரிக்கை. இழுகம்பியை இழுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று அளந்து பார்ப்பது தராசின் வேலை. குதிப்பவர் இழுத்தும் அசையாத கம்பியால் யாருக்குப் பயன்?

பழுதுபார்ப்பது தனிக் கலை. அடர்த்தியாகத் தைத்தால் உறுதி மிகும் என்றே நான் எண்ணியிருந்தேன். தையற்புள்ளிகள் அளவுக்கு மிஞ்சினால், அஞ்சல் தலைத் தாளில் துளையிட்ட வரி கிழிவதைப்போல, துணி அந்த இடத்திலேயே கிழிந்துபோகுமாம். இரண்டாம் உலகப் போரின்போது சப்பானியப் பட்டு கிடைக்காமற்போனதால் வான்குடைக்கு வந்து சேர்ந்தது நைலான். அதே நைலான் பின்னர் நம் மீனவர்களின் வலைக்கும் வந்தது. அதற்கு இரு பகைகள் உண்டு: வெயில் அதை மெல்ல மெல்ல நலியச் செய்கிறது, உலர்ந்த உப்பின் படிகம் இழையை அறுக்கிறது. கடலில் விழுந்த வான்குடையை நல்ல தண்ணீரில் அலசாமல் மடிக்கவே கூடாது என்றார். வெயிலும் உப்புமே வாழ்வாகிப்போன கரையில் இருந்துகொண்டு இதை அறியாதிருந்தேனே என்று வெட்கினேன்.

வெட்கத்திற்கு வேறொரு காரணமும் இருந்தது. அதனாற்றான் அவரை நான் அழைத்திருந்தேன்.

2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயல் குமரிக் கடலோரக் குடும்பங்கள் பலவற்றைத் துயரில் ஆழ்த்தியது. அதனை அடுத்த ஆண்டு, நன்கொடையாளர் ஒருவரின் உதவியால் எங்கள் பங்கின் நாட்டுப்படகு மீனவர்களுக்காக நாற்பது லைஃப் ஜாக்கெட்டுகள் வாங்கினோம். கடலுக்குப் போவோர் எடுத்துச் சென்று திருப்பித் தரவேண்டும்; ஆண்டுக்கொருமுறை சோதித்துப் பதிவேட்டில் எழுதவேண்டும். எழுதினேன். "பார்வையிடப்பட்டது" என்று ஆண்டுதோறும் என் கையெழுத்து இருக்கிறது. பண்டக அறையின் வாசலில் நின்று குவியலைப் பார்த்ததும் ஒருவகையில் பார்வையிடல்தானே!

2023 ஆகத்து மாதத்தில் ஓர் இரவு, இளைஞர் ஒருவர் வலை இறக்கும்போது தவறிக் கடலில் விழுந்தார். அணிந்திருந்த ஜாக்கெட்டின் வார் தோளோரம் பிரிந்து, அங்கி அவரைவிட்டு நழுவிப்போனது. வலையின் மிதவையைப் பற்றிக்கொண்டு, படகு திரும்பி வரும்வரை தாக்குப்பிடித்தார். மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும், மிதந்து கிடந்ததை மீட்டெடுத்த அந்த அங்கியை என்னிடம் கொண்டுவந்து கொடுத்து, "இதைத் தைக்கச் சொல்லுங்க சாமி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை கடிந்துகொண்டிருந்தால் நான் அன்றிரவு உறங்கியிருப்பேன்.

பெரியவர் நாற்பதையும் ஒவ்வொன்றாக எடுத்து, வாரின் இருபுறமும் பற்றி வெடுக்கென இழுத்தார். பதினேழில் நூல் பொடியாய் உதிர்ந்தது. மேலே துணி புதிதாய்த்தான் தெரிந்தது. "யாரு பார்த்தது சாமி?" என்று கேட்டார். "நான்தான்" என்றேன். அவர் தராசைத் துடைப்பதில் கவனமானார்.

வாரக்கணக்கில் திண்ணையில் வேலை நடந்தது. அந்த அக்டோபர் 21ஆம் நாள் காலை, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ககன்யான் திட்டத்தின் முதல் சோதனைக் கலம் ஏவப்பட்டதை என் கைப்பேசியில் சேர்ந்து பார்த்தோம். விண்கலம் இதே வங்கக் கடலில் இறங்கியது. நெருப்பைக் கக்கிக்கொண்டு ஏவுகலம் எழும்பியபோது அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். வான்குடைகள் விரியும்போதுதான் நிமிர்ந்தார். மூன்று பெரிய குடைகளும் அவற்றை வெளிக்கொணரும் சிறியவையுமாக மொத்தம் பத்து என்று நான் செய்தியில் படித்ததைச் சொன்னேன். "யார் மடிச்சாங்களோ, இன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்குவாங்க" என்றார்.

அன்று மாலை கருவிகளை எண்ணியபோது ஓர் ஊசி குறைந்தது. திண்ணையைக் கூட்டினோம், பாயை உதறினோம், கிடைக்கவில்லை. அன்று தைத்து மூடியவை ஒன்பது. விடிந்ததும் தேடலாம், கடைத்தெருவில் பத்து ரூபாய்க்கு ஊசி கிடைக்கிறது என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. கொக்கியை எடுத்து முதல் அங்கியின் தையலைப் பிரிக்கத் தொடங்கினார். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டேன். ஆறாவதன் உறைக்கும் நுரைப்பலகைக்கும் நடுவே ஊசி இருந்தது. பட்டியலில் அதற்கு நேரே ஒரு கோடு கிழித்துவிட்டு, பிரித்த ஆறையும் மீண்டும் தைத்தார். முடிக்கும்போது இரவு மணி பதினொன்று.

பதிவேட்டைக் கொண்டுவந்தேன். பேனாவைத் திறந்ததும் அவர் என் கையைத் தடுத்தார்.

"இழுத்துப் பாருங்க சாமி."

முதல் அங்கியை எடுத்து, வாரின் இருபுறமும் பற்றி, என் வலுவெல்லாம் கூட்டி இழுத்தேன். பிறகு இரண்டாவதை எடுத்தேன்.