முட்டை அட்டையில் கோல்ஃப் பந்து

காலை நிகழ்ச்சி முடிந்து பத்து மணிக்கு நிலையத்தை விட்டு வெளியே வந்தால், மிச்ச நாள் முழுக்க என்னுடையது. பேசாமல் தூங்கியிருக்கலாம். விளம்பரதாரர்களுக்காக நடந்த கோல்ஃப் போட்டி ஒன்றில் மைக் பிடிக்கப் போன இடத்தில் ஆசை தொற்றிக்கொண்டது.

மட்டை இரவல் கிடைத்துவிட்டது. பந்தை யார் இரவல் தருவார்? பயிற்சித் திடலில் கூடைக் கணக்கில் தருவார்கள், அதை வெளியே கொண்டுபோக முடியாது. புல்வெளியில் இறங்கி ஆட வேண்டுமென்றால் சொந்தப் பந்து வேண்டும். பெயர்பெற்ற நிறுவனத்தின் புதுப் பந்து ஒரு டஜன் இருநூறு வெள்ளிக்கு மேல். முதல் முறை ஒன்பது குழிகளை முடிப்பதற்குள் எட்டுப் பந்துகளைக் குளத்துக்குக் காணிக்கை கொடுத்தேன்.

கூட வந்த தோழி சிரித்தாள். “சாலையோரத்துல விக்கிறாங்க, போய் வாங்கு.”

ஷா ஆலத்திலிருந்து கிள்ளான் போகும் பக்கம், ஒரு சாப்பாட்டுக் கடை வரிசையின் ஓரமாக நிற்கும் பழைய வேன் அது. பின்கதவைத் திறந்து வைத்திருந்தார். முட்டை வாங்கும் அட்டைகளில், முட்டைக்குப் பதிலாகப் பந்துகள். இரண்டு வெள்ளி அட்டை, மூன்று வெள்ளி அட்டை, ஆறு வெள்ளி அட்டை. அறுபது வயதைத் தாண்டிய ஐயா ஒருவர் முக்காலியில் உட்கார்ந்து பந்துகளை வாளித் தண்ணீரில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, பழகுறதுக்கு எது நல்லது?” என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். “ரேடியோல பேசுற பிள்ளைதானே நீ?”

அதன் பிறகு நடந்தது வியாபாரம் இல்லை, பாடம். நகத்தால் தோலை வருடிப் பார்க்கச் சொன்னார். வெட்டு தட்டுப்பட்டால் தள்ளிவிட வேண்டும். அளவுக்கு மீறிப் பளபளத்தால் சாயம் பூசிப் புதுசாக்கியது, அதுவும் வேண்டாம். சுற்றிலும் கோடு போட்டிருந்தால் அது பயிற்சித் திடலில் கிளப்பியது, “அது என்கிட்ட இருக்காது.” நாள்கணக்காகத் தண்ணீரில் கிடந்த பந்து மெல்ல நீரை உள்ளே வாங்கிக்கொள்ளும், அடித்தால் போக வேண்டிய தூரம் போகாது. ஆனால் குழிக்குப் பக்கத்தில் மெதுவாகத் தட்டிப் பழக அது தாராளம். எதை எடுத்தாலும் ஒரே வகையாக எடு, கைக்கு ஒரு பழக்கம் வரட்டும் என்றார்.

பந்தின் எடை 45.93 கிராமுக்கு மிகக்கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது விளையாட்டின் விதி. விதியைப் படித்திருந்தேன். நகத்தால் பார்க்கத் தெரியவில்லை.

ஐம்பது பந்து எடுத்து வைத்துவிட்டு, “மொத்தமா வாங்குறேன், கொஞ்சம் குறைங்க ஐயா” என்றேன். அவர் செருப்பைக் கழற்றி இடது பாதத்தைக் காட்டினார். குதிகாலிலிருந்து பாதி வரை தையல் தழும்பு. “கண்ணாடிச் சில்லு. சேத்துல கண்ணு தெரியாது, காலாலதான் தேடணும். திடல்காரனுக்கும் காசு கட்டித்தான் இறங்குறேன்.”

நான் வாயை மூடிக்கொண்டேன். பிறகு, நம்மவர்கள் கேட்கும் அந்தக் கேள்வி வந்தது. “அம்மா எந்தத் தோட்டம்?”

சொன்னேன். இப்போது அங்கே வீடமைப்புப் பகுதிதான் இருக்கிறது, அம்மாவுக்கே வழி தெரியாது.

“எங்க தோட்டத்துக்கு எனக்கு வழி தெரியும்” என்றார். “வாரம் ரெண்டு தடவை தண்ணிக்குள்ள இறங்குறேனே.”

1978-இல் சிலாங்கூரின் தலைநகரான ஷா ஆலம், அதற்கு முன் சுங்கை ரெங்கம் என்ற பெயரில் பால்மரமும் செம்பனையும் நின்ற மண். சுற்றியிருந்த தோட்டங்கள் ஒவ்வொன்றாகப் போயின. அவருடையது கோல்ஃப் திடலானது. “ஏழாவது குழி பக்கத்துல குளம் தோண்டியிருக்கான் பாரு, அங்கதான் ஆயாக் கொட்டகை. இருட்டோட எங்கம்மா மரம் வெட்டப் போறப்போ என்னைய அங்க விட்டுட்டுப் போவாங்க. மழை பெஞ்சா தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு எனக்குத் தெரியும். சேறும் பந்தும் அங்கதான் சேரும்.”

பதினாறு வயதில் அதே திடலில் கேடியாகப் பை தூக்கியிருக்கிறார். ஆடியது உண்டா என்று கேட்டேன். “எங்க விட்டான்?” என்று வாளியைப் பார்த்தே சொன்னார்.

பணம் எடுக்கும்போதுதான் மூன்று வெள்ளி அட்டையில் அதைக் கண்டேன். பந்தில் பச்சை மையால் ஒரு குட்டி மைக் படம். என் பந்து அடையாளம் தெரிய வேண்டுமென்று நானே வரைந்தது.

“ஐயா, இது என்னோடது!”

கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். “ஆமா. நீ ஏழாவது குழியிலயா விட்ட?”

“ஆமாங்க.”

“அப்போ எங்க வீட்டுலேர்ந்துதான் எடுத்திருக்கேன். மூணு வெள்ளி.”

கொடுத்தேன்.